எட்டு கேசட்டுகளில் அப்பா

அன்புள்ள சார்,

அப்பா காலமாகி, வரும் தை மாதத்தோடு ஒரு வருடம். பொன்மலை ரயில்வே பணிமனையில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். அதிர்ந்து பேசமாட்டார், பிள்ளைகள் மூன்று பேரில் யார் மேலும் கை வைத்ததில்லை. சங்கீதம் என்றால் உயிர், ஆனால் பாடத் தெரியாது. "எனக்கென்ன தெரியும், காது இருக்கு, கேட்கிறேன்" என்பார். தலைத் திவசத்துக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறோம். எழுதும் பொறுப்பு என் தலையில். உட்கார்ந்தால் "அன்பானவர், அமைதியானவர்" என்பதைத் தாண்டி ஒரு வரி நகரவில்லை. அவர் வாழ்க்கையில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லையோ என்றுகூடத் தோன்றுகிறது.

அவர் விட்டுப்போனது எழுபது சொச்சம் கேசட்டுகள். சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு அகில இந்திய வானொலியில் வரும் சங்கீதக் கச்சேரி, நேஷனல் புரோகிராமைப் பதிவு செய்வார். பாதியில் கேசட்டைத் திருப்பிப் போடுவது என் வேலை. முதல் எட்டு மட்டும் பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரை வால்வு ரேடியோ முன்னால் வைத்து எடுத்தவை. அவற்றில் அப்பா மேசையில் தாளம் போடும் மோதிரச் சத்தம் பாட்டோடு கலந்து கேட்கிறது. அப்புறம் மாமா மஸ்கட்டிலிருந்து டூ-இன்-ஒன் கொண்டுவந்தார். அதில் எடுத்ததெல்லாம் சுத்தமாக இருக்கிறது. கணினிக்கு மாற்றித் தருகிற கடைக்காரர், அந்தத் தட்டல் சத்தத்தை எடுத்துவிடலாம் என்கிறார். சரியா? அம்மாவுக்கு இதிலெல்லாம் ஈடுபாடு கிடையாது, தூக்கிப் போடு என்கிறாள்.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

மோதிரச் சத்தத்தை எடுக்க வேண்டாம். கடைக்காரரிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

டூ-இன்-ஒன்னில் ரேடியோவும் ரெக்கார்டரும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், ஒலி உள்ளுக்குள்ளேயே கம்பி வழியாக நாடாவுக்குப் போய்விடும். மைக் வேலை செய்யாது. அறையில் இடி விழுந்தாலும் பதிவாகாது. அதனால்தான் பிந்தைய கேசட்டுகள் சுத்தமாக இருக்கின்றன. அவற்றில் வித்வான் இருக்கிறார், உங்கள் அப்பா இல்லை. அவர் இருப்பது அந்த முதல் எட்டில்தான். அதைப் போய் இரைச்சல் என்று துடைக்கக் கொடுப்பீர்களா?

அவற்றில் ஒரு தனி ஆவர்த்தனத்தை, அதாவது பாட்டு நின்று மிருதங்கம் தனியாக வாசிக்கும் இடத்தை, தேடிப் பிடியுங்கள். மிஸ்ர சாப்பு தாளம் என்றால் இன்னும் நல்லது. ஏழு எண்ணிக்கை, மூன்றும் நாலுமாக. மிருதங்கக்காரர் கணக்கை மடக்கி மடக்கி வாசிக்கும்போது கேட்கிறவர் கை தடுமாறும், பலர் பாதியில் விட்டுவிடுவார்கள். மோதிரம் கடைசி வரை விடாமல் வந்து, கோர்வை என்ற முடிப்புக் கணக்கு முடிந்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்புக்கு வரும்போது அதுவும் சரியாக வந்து சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தால், "எனக்கென்ன தெரியும்" என்று அவர் சொன்னதை நீங்கள் நம்பத் தேவையில்லை. மலருக்கு அது ஒரு பத்தி.

நேஷனல் புரோகிராம் 1952-இல் தொடங்கியது. பி.வி. கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த காலம். (வானொலியில் சினிமாப் பாட்டை அவர் ஒடுக்கியதும், ஊரே இலங்கை வானொலிக்குத் திரும்பியதும் தனிக்கதை.) இந்துஸ்தானியும் கர்நாடகமும் மாறி மாறி வரும். 1939-இலிருந்து வானொலி நிலையம் உள்ள ஊர் திருச்சி. உள்ளூர்க் கச்சேரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் பொன்மலை குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து ஒரு கணக்குப்பிள்ளை கியால் என்ற வடக்கத்திப் பாட்டையும் கேட்க முடிந்தது இந்த நிகழ்ச்சியால்தான். அப்போது ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை, தொண்ணூறு நிமிடம். சி-90 கேசட்டும் தொண்ணூறு நிமிடம். பொருத்தம் பார்த்து வைத்ததுபோல இருக்கும், ஆனால் ஒரு பக்கம் நாற்பத்தைந்தில் முடிந்துவிடும். அப்படியானால் பத்தேகால் சுமாருக்குக் கச்சேரி சூடு பிடித்திருக்கும் நேரத்தில்தான் உங்கள் வேலை வந்திருக்கும். நீங்கள் கேசட்டைத் திருப்பிய வேகத்தைப் பொறுத்து ஒரு வரியையே விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலின் வாலோ தலையோ போயிருக்கும். அதற்காக அவர் ஒருநாளாவது உங்களைக் கடிந்துகொண்டாரா? இல்லையென்றால் அதை எழுதுங்கள். "சாந்தமானவர்" என்ற சொல்லே வேண்டியிருக்காது.

இன்னொன்று. கேசட்டின் முதுகுப் பக்கம் இரண்டு ஓரத்திலும் சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் ரெக்கார்டு பட்டன் அமுங்காது, மேலே வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. மனசு மாறினால் ஓட்டையில் செலோடேப் ஒட்டினால் போதும், மறுபடி பதியலாம். எழுபதையும் எடுத்துப் பாருங்கள். எதில் தகடு உடைந்திருக்கிறது, எதில் உடைத்த பிறகு செலோடேப் ஒட்டியிருக்கிறது, எதை உடைக்கவே இல்லை? காலி கேசட் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். மாதச் சம்பளக்காரர் பழையதன் மேல்தான் புதியதைப் பதிவார். எந்த வித்வானையும் வாய் திறந்து குறை சொல்லியிருக்க மாட்டார், இப்படிப்பட்டவர்கள் சொல்லவும் மாட்டார்கள். ஆனால் யாரை அழித்தார், யாரை வைத்துக்கொண்டார் என்பது அந்த ஓரங்களில் இருக்கிறது. கர்நாடக சங்கீதப் பாடகர் எம்.டி. ராமநாதனின் கேசட்டுகளில் தகடெல்லாம் உடைந்திருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. அவ்வளவு விளம்ப காலத்தில், அந்தக் கனத்த குரலில், அவசரமே இல்லாமல் பாடுகிறவரைக் கேட்கத் தனி நிதானம் வேண்டும். அவர் கச்சேரியில் எழுந்து போனவர்களும் உண்டு, அவரைத் தவிர வேறு யாரையும் கேட்காதவர்களும் உண்டு.

நடந்தது எதுவும் இல்லை என்கிறீர்கள். வீட்டுக்கு வீடு இப்படி ஒரு அப்பா இருந்ததால்தான் சபாக்களும் வானொலியும் ஓடின. மேடையில் இருந்தவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. கேட்டவர்களைப் பற்றி அவரவர் பிள்ளைகள் எழுதினால்தான் உண்டு.

உங்கள் கடிதத்தில் எனக்கு ஒப்பாதது ஒரே இடம்தான். அம்மாவுக்கு ஈடுபாடு கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சனிக்கிழமை ஒன்பதரைக்குள் சமையலை முடித்து, மூன்று பிள்ளைகளுக்கும் சாதம் போட்டு, பாத்திரம் உருட்டாமல் அந்தச் சின்ன வீட்டை ஒன்றரை மணி நேரம் ஓசையில்லாமல் வைத்திருந்தது யார்? அந்த எழுபது கச்சேரியையும், விரும்பியோ விரும்பாமலோ, அடுப்படியிலிருந்து கேட்டவர் அவர். ரசிகர் என்ற பெயர் மட்டும் அப்பாவுக்குப் போனது. நம் வீடுகளில் மென்மையான ஆண்களுக்கும் இந்த வசதி இருந்தது. அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மலர் அச்சுக்குப் போகும் முன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேசட்டைப் போடுங்கள், எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேளுங்கள். "ஒன்றும் பிடிக்காது, ஒரே தலைவலி" என்றால் அதையும் மலரில் போடுங்கள். அப்பா சிரித்திருப்பார்.

கடை விஷயம்: ஓட்டுவதற்கு முன் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பூஞ்சை இல்லாததை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டு ஓட்டட்டும், சி-90 நாடா மெல்லியது, ஒட்டிக்கொண்டிருந்தால் இழுபட்டு அறும். முதலில் ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக எடுக்கட்டும், எம்பி3 அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். தம்பி தங்கைக்கு ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிடுங்கள். மாற்றி முடித்த பிறகும் கேசட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், தகடு உடைந்தது கணினிக்குள் போகாது.

மலர் வந்ததும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்