கவுதாரியும் கிளுவை வேலியும்

வணக்கங்க ஐயா,

காங்கயம் பக்கம் எங்கள் காடு. பாதி கடலை, மீதி கொறங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலம். விதைத்த கடலையைக் கவுதாரி கிளறித் தின்கிறது என்று அப்பா சலித்துக்கொள்கிறார். பக்கத்துக் காட்டிலும் கடலைதான். ஆனால் உயிர்வேலியாக இருந்த கிளுவை முள்செடியைப் பிடுங்கிக் கம்பிவேலி போட்ட பிறகு அங்கே கவுதாரிச் சத்தமே இல்லை. அது என்னதான் தின்னும்? ஏன் எங்கள் காட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா சொல்வது பொய்யில்லை. விதைத்த கையோடு சால் ஓரத்தில் நாலு பருப்பைக் கிளறி எடுக்கும்தான். மயில் கூட்டமாக இறங்கும் ஊரில் இதைப்போய்க் கணக்குப் பார்ப்பானேன்?

அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் அதற்குத் தானியம்தான் சாப்பாடு. சிந்திய கம்பு, சோளம், கொள்ளு, அப்புறம் களைவிதை, புல்விதை. கோடை மழை விழுந்ததும் பூச்சிக்கு மாறும். ஈசல், கரையான், எறும்பு, வெட்டுக்கிளி. குஞ்சு பொரித்திருந்தால் பூச்சி கட்டாயம். முதல் சில வாரம் குஞ்சு வளர்வதே அதில்தான். உங்கள் கொறங்காட்டில் காய்ந்த சாணியைப் புரட்டிப் பாருங்கள், அடியில் கரையான் மண் அப்பியிருக்கும். மருந்தடித்த கடலைக்காட்டில் அது கிடைக்காது.

இரை பக்கத்துக் காட்டிலும் ஓரளவு இருக்கும். இல்லாதது ஒளிய இடம். கவுதாரி பறக்க யோசிக்கும் பறவை. ஆளைக் கண்டால் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடி வேலிக்குள் நுழையும். மிதிக்கிற தூரத்துக்குப் போனால்தான் சடசடவென்று கிளம்பும், அதுவும் கொஞ்ச தூரத்தில் இறங்கிவிடும். முட்டையிடுவது தரையில், வேலியடிப் புல் மறைவில், லேசாகக் கிளறிய குழியில். ராத்திரி மட்டும் தாழ்ந்த முள்மரத்தில் ஏறி அடையும். கிளுவை, கொழுக்கட்டைப்புல், வெள்வேலாமரம் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும் கொறங்காட்டை விட்டு அது எங்கே போகும்? கம்பிவேலியில் ஓணான்கூட ஒளிய முடியாது.

வேலிச் சந்தில் யாராவது கண்ணி வைத்திருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கவுதாரி பிடிப்பது குற்றம். நம் பக்கம் இன்னும் கறிக்குப் பிடிக்கிறார்கள்.

கிளுவையைக் கவாத்து செய்வதென்றால் தை மாதம் செய்யுங்கள். சித்திரை முதல் ஆவணி வரை முட்டையும் குஞ்சுமாக இருக்கும் காலம், வேலியடிப் புல்லைச் செதுக்க வேண்டாம். எங்கே வேலி பொத்தலாக இருக்கிறதோ அங்கே நாலு கிளுவைப் போத்து நட்டுவிடுங்கள், துளிர்த்துக்கொள்ளும்.