தண்ணீர் ஊற்றும் வகுப்பு: பள்ளியை மாற்றும் முன்

வணக்கம். கத்தோலிக்கப் பள்ளியின் மாண்டிசோரி வகுப்பில் நான்கு வயது மகள் காலையெல்லாம் தண்ணீர் ஊற்றி விளையாடுகிறாள், எழுத்தே தொடங்கவில்லை, நாங்கள் கிறித்தவரும் அல்லர், பள்ளியை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். சிந்தாமல் ஊற்றப் பழகும் அந்த மணிக்கட்டும் விரல்களும்தான் நாளை பென்சிலைப் பிடிக்கப்போகின்றன; அடுத்து, உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை அதன் ஒலியைச் சொல்லிக்கொண்டே இரு விரல்களால் தடவுவாள்; எழுதுவது அதற்குப் பின்னரே வரும்.

ஆனால் மாண்டிசோரி என்ற பெயரை எந்தப் பள்ளியும் வைத்துக்கொள்ளலாம் என்பதால், ஒரு நாள் வகுப்பில் அமர்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ளவர்கள் ஒரே அறையில் இருக்கிறார்களா, ஏறத்தாழ மூன்று மணி நேரம் இடையில் மணி அடிக்காமல் அவரவர் வேலையைச் செய்ய விடுகிறார்களா, இளஞ்சிவப்புக் கோபுரத்தின் (பெரியதிலிருந்து சிறியதுவரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மரக்கட்டைகள்) 10 கனசதுரங்களும் குழந்தையின் கைக்கு எட்டுகின்றனவா அல்லது பார்வையாளருக்காகக் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றனவா (இது நடப்பதுண்டு) என்று கவனியுங்கள்.

சமயத்தைப் பொறுத்தவரை, இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் கத்தோலிக்கரே என்றாலும் மேற்சொன்ன பயிற்சிகளில் மறைக்கல்வி, அதாவது கிறித்தவ சமயப் போதனை, எதுவும் இல்லை. அவர் வழியைத் தழுவி 1954இல் ரோமில் விவிலிய அறிஞர் சோஃபியா கவல்லெத்தி தொடங்கிய நல்லாயன் மறைக்கல்வி தனி ஏற்பாடு. அதற்குத் தனி அறையே உண்டு. உங்கள் பள்ளியிலும் அது நடக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோர் இசைவின்றிக் குழந்தையைச் சமயப் போதனையில் பங்கேற்கச் செய்யக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3)ஆம் பிரிவு. உங்கள் விருப்பத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.