தமிழ் எழுத்தை வெட்டிப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: கல்யாண ரிட்டர்ன் கிஃப்ட் டப்பா, குங்குமச் சிமிழுக்குப் பெயர் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேலூர் போய் வெட்டி வாங்குவது கட்டுப்படியாகவில்லை. விலை குறைவாக எந்த வினைல் கட்டர் (ஸ்டிக்கர் தாளை எழுத்து வடிவில் வெட்டும் மிஷின்) வாங்கலாம்?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: உங்கள் வேலைக்கு 24 அங்குல பிளாட்டர் என்கிற பெரிய கட்டர் வேண்டாம் அம்மா. 12 அங்குல மேசை மிஷினே தாராளம். கிரிகட், சில்லவுட் கேமியோ இரண்டும் அந்த வகைதான். வண்டி ஸ்டிக்கர், கடை போர்டு ஆர்டரும் எடுப்பீர்கள் என்றால் மட்டும் பெரியதைப் பாருங்கள்.

விலை பேசும் முன், கடையில் 'ஸ்ரீ' என்று ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். நான் அதைப் பார்க்காமல் எந்த மிஷினையும் நல்லது என்று சொல்வதில்லை. சுழி தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். வேண்டாத வினைலை ஊசியால் உரிக்கும்போது எழுத்து கூடவே கிளம்பி வரக் கூடாது. பின்தாளைத் திருப்பிப் பாருங்கள். அறுந்திருந்தால் பிளேடு அதிகம் இறங்கியிருக்கிறது, அதைக் குறைத்து மறுபடி வெட்டச் சொல்லுங்கள்.

தமிழ் ஃபாண்டில் எழுத்தும் கொம்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், அந்த இடத்தில் குறுக்கே ஒரு வெட்டு விழும். இங்க்ஸ்கேப் என்கிற கம்ப்யூட்டர் வரைகலை சாஃப்ட்வேர் இலவசம்தான், அதில் எழுத்தைப் 'பாத்' (வெளிக்கோடு) ஆக்கி, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும் 'யூனியன்' கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

பிளேடும், வினைலை ஒட்டி வைத்து வெட்டும் மேட்டும் தேய்கிற பொருள். அவை வேலூரிலேயே கிடைக்குமா என்று கேட்டுவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.