சிறுநீரகம் போன நாய்க்குக் கடைசி ஊசி: செலவு, நடைமுறை, பாவம்

பதினொரு வயது நாய், சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, வைத்தியர் உயிரை முடிக்கும் ஊசியைப் போட்டுவிடலாம் என்கிறார்; திருகோணமலையில் அதற்கு எவ்வளவு முடியும், எப்படிச் செய்வார்கள், செய்வது பாவமில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நேரத்தில் காசைப் பற்றிக் கேட்பதற்கு மன்னிக்கச் சொல்லியும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மன்னிப்பு யாருக்கும் தேவையில்லை. செலவைக் கேளுங்கள், அதுவும் நாய் எழுந்து நிற்கக்கூடியதாக இருக்கும்போதே கேளுங்கள். எங்கள் டைகருக்கும் இதே நோய்தான். நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான்: கடைசி நாள் வந்த பிறகு விசாரிக்கத் தொடங்கினால், அந்த விசாரணைக்கு எடுக்கும் நேரம் முழுவதையும் வேதனையாக அனுபவிப்பது நாய்தான்.

ஏனென்றால் சிறுநீரக நோய் நித்திரையில் ஆளைக் கொண்டுபோகிற நோயில்லை. வாந்தி, வாய்ப்புண், நடுக்கம், சில நாய்களுக்கு வலிப்பு என்று இழுத்துக்கொண்டே போகும். அரச கால்நடை வைத்திய அலுவலகம் சனி ஞாயிறும் போயா தினமும் பூட்டு. தனியார் வைத்தியர் வெளியூர் போயிருப்பார். வெள்ளி பின்னேரம் நாய் விழுந்தால் திங்கள் காலை வரை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

தொகையை நான் எழுதவில்லை. ஆளுக்கு ஆள், நாயின் நிறைக்கு நிறை அது மாறும். ஆனால் பில் எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தால் போனிலேயே தெளிவாகக் கேட்கலாம். பார்வைக் கட்டணம், முதலில் போடும் மயக்க ஊசி, மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சின்னக் குழாயான கனுலா, நிறைக்கு ஏற்ற கடைசி மருந்து, வீட்டுக்கு வந்தால் அதற்கான பயணச் செலவு, நேரம் கெட்ட நேரமென்றால் அதற்கு மேல் ஒரு தொகை. 2022 இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவில் இருந்து 360 ஐ எட்டியபோது இறக்குமதி மருந்துகளெல்லாம் விலை ஏறின. அதற்கு முந்திய காலத்தில் யாரோ கொடுத்த தொகையைக் கேட்டு நம்பிப் போகாதீர்கள். எங்கள் வீட்டில் இந்த ஊசிக்கான பில் பெரிதாக இருக்கவில்லை. கடைசி மாதச் சேலைன், இரத்தப் பரிசோதனை, ஓட்டோக் கூலி எல்லாம் சேர்ந்ததுதான் பெரிது. கையில் இருக்கும் காசு இவ்வளவுதான் என்று வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம். நல்ல வைத்தியர் அதை வைத்தே எந்தப் பரிசோதனை இனித் தேவையில்லை என்று சொல்லுவார்.

முடிவெடுக்க முன் ஒரு கேள்வி மட்டும் கட்டாயம் கேளுங்கள்: இது நாட்பட்ட பழுதா, திடீரென்று வந்ததா? சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் கூடியதும் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை. எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும். மழை வெள்ளம் நின்ற காலத்தில் வளவெல்லாம் அலைந்த நாய்க்கு அதனால் சிறுநீரகம் சட்டென்று அடிபடும். நேரத்தோடு அன்டிபயோட்டிக்கும் சேலைனும் கொடுத்தால் மீண்டு வந்த நாய்கள் உண்டு. சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்தாலும் அதே எண் ஏறும். (எலிக்காய்ச்சல் என்று சந்தேகம் இருந்தால் சிறுநீரை வெறுங்கையால் தொடாதீர்கள், அது மனிதருக்கும் தொற்றும்.) நாட்பட்ட பழுது என்றால் கதை வேறு. சிறுநீரகத்தின் முக்கால்வாசி வேலை போன பிறகுதான் கிரியாட்டினின் ஏறவே தொடங்கும். ரிப்போர்ட்டில் தெரியும்போது மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்லிச் சொந்தக்காரர் நெருக்குவார்கள். நோய் இன்னதென்று தெளிவில்லையென்றால் போங்கள். தெளிவாகிவிட்ட நோய்க்காக, வாந்தி எடுக்கும் கிழட்டு நாயை இந்த வெயிலில் ஹபறணை, தம்புள்ளை எல்லாம் தாண்டிக் கண்டி வரை கொண்டுபோவதை நான் செய்ய மாட்டேன். ரிப்போர்ட்டைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் இன்னொரு வைத்தியருக்கு அனுப்பினால் இரண்டாவது அபிப்பிராயம் கிடைத்துவிடும்.

எப்போது என்று எப்படித் தெரியும்? அமெரிக்க மிருக வைத்தியர் அலிஸ் வில்லலோபொஸ் ஏழு விடயங்களுக்குப் புள்ளி போடச் சொல்கிறார்: வலி, சாப்பாடு, தண்ணீர், துப்புரவு, சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடவா என்பது. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எவ்வளவு என்று போட்டுக் கூட்டினால் 35க்கு மேல் இருக்கும் வரை வைத்துப் பராமரிக்கலாம் என்பது அவர் கணக்கு. வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள், கூடவே இருக்கிறவரின் கண் பழகிப்போயிருக்கும். டைகர் தண்ணீர்ச் சட்டிக்குப் போய், நாடியைத் தண்ணீரில் வைத்தபடி குடிக்காமல் நிற்கும். தாகம், ஆனால் நாக்கின் ஓரமெல்லாம் புண். வாயைத் திறந்தால் அமோனியா வாடை அடிக்கும். அதற்குப் பிடித்த சூடை மீன் குழம்புச் சோற்றை மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்போது எங்கள் வைத்தியர் அம்மாவிடம் சொன்னார்: "அம்மா, இனி சேலைன் ஏத்திறது உங்கட மனசுக்குத்தான். அதுக்கு ஒண்டும் செய்யாது." அதைவிட நேராக யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இன்று வரை அவருக்கு நன்றியோடு இருக்கிறேன்.

இதற்கிடையில் வலிக்கிறது என்று பனடோலோ புரூபனோ கொடுத்துவிடாதீர்கள். புரூபன் சிறுநீரகத்தையே இன்னும் அடிக்கும். பனடோல் பூனைக்கென்றால் கொஞ்சமே உயிரெடுக்கும், நாய்க்கும் ஈரலைக் கெடுக்கும். வலி மருந்து வைத்தியர் தருவதாகவே இருக்கட்டும்.

யாரிடம் போவது? அரச கால்நடை வைத்திய அலுவலகங்களில் மாடு, ஆடு, கோழி வேலைதான் கூட. ஆனாலும் நாயையும் பார்ப்பார்கள். போக முன் போன் எடுத்து, இதைச் செய்வீர்களா, மருந்து கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். அது ஃபார்மசியில் துண்டு கொடுத்து வாங்கும் மருந்தல்ல. உயிரெடுப்பதில்லை என்று மறுக்கும் வைத்தியர்களும் உண்டு, அது அவர்களுடைய நம்பிக்கை. வாக்குவாதப்படாமல் வேறு யார் செய்வார்கள் என்று அவரிடமே கேளுங்கள், பெரும்பாலும் சொல்லுவார்கள். வைத்தியருக்குச் சிங்களம்தான் என்றால் மொழி தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். இந்த விடயத்தில் ஒரு சொல்லைக்கூட அரைகுறையாக விளங்கிக்கொள்ளக் கூடாது. 2006 க்குப் பிறகு நாயைக் கொல்வதே தடை என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்போது நிறுத்தப்பட்டது தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம். குணப்படுத்த முடியாத நாய்க்கு வைத்தியர் ஊசி போடுவது வேறு விடயம். அண்மையில் அது யாரையும் கடித்திருந்தால் மட்டும் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீர்வெறுப்பு நோய்ச் சந்தேகம் இருந்தால் மூளையைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டிவரும், கடிபட்டவரும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நடைமுறையில் நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. முதலில் மயக்க ஊசி, அது நன்றாக மயங்கிய பிறகுதான் கடைசி மருந்து. "முதல்ல மயக்குவீங்களா டொக்டர்?" என்று வாய் திறந்து கேளுங்கள். மயக்க ஊசி சதையில் போடுவது, ஒரு குத்து வலி மட்டும். கொஞ்ச நேரத்தில் தலை சாயும், சிலது அந்த நேரம் வாந்தி எடுக்கும், அதனால் காலையில் சாப்பாடு தீத்த வேண்டாம். பிறகு முன்னங்காலில் கொஞ்சம் மயிரை வழித்து நரம்பில் கனுலா ஏற்றுவார்கள். நீர் வற்றிய நாய்க்கு நரம்பு இலேசில் பிடிபடாது. டைகருக்கு ஒரு காலில் கிடைக்காமல் மற்றக் காலில்தான் கிடைத்தது. மயக்கத்தில் இருந்ததால் அது அசையவே இல்லை. அதற்குப் பிறகு பென்டோபார்பிட்டல் அல்லது தயோபென்டோன் போன்ற மருந்தை அளவுக்கு மிஞ்சி ஏற்றுவார்கள். சத்திரசிகிச்சைக்கு முன் மயங்குவது போலத்தான் முதலில் நினைவு போகும், பிறகு மூச்சு, பிறகு இதயம். சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்.

பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு இதை முதலே சொல்லி வைக்க வேண்டும்: கண் மூடாது. சிறுநீர் போகும். இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு தரம் பெருமூச்சு மாதிரி வரும், தோல் துடிக்கும். உயிர் திரும்பி வந்ததாக நினைத்துப் பதறாதீர்கள், அது நரம்பும் தசையும் செய்யும் வேலை. வைத்தியர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து, கண்மணியைத் தொட்டு இமை அசைகிறதா என்று பார்த்துத்தான் முடிந்தது என்பார். முடிந்தால் நீங்கள் பக்கத்தில் இருங்கள். மயங்கும் வரைக்கும் அது உங்கள் குரலைத்தான் தேடும். சின்னப் பிள்ளைகளை முன்னுக்கே கூப்பிட்டு உண்மையைச் சொல்லுங்கள். "தூங்க வைக்கிறோம்" என்று சொன்னால் பிள்ளை இரவில் படுக்கப் பயப்படும்.

பாவம் என்ற கேள்வி எங்கள் வீட்டிலும் வந்தது. அம்மம்மா விடவில்லை, "உயிர் குடுத்தவன் எடுக்கட்டும் பிள்ளை" என்றார். நான் அவருக்கு 1928 இல் சபர்மதி ஆசிரமத்தில் நடந்ததைச் சொன்னேன். பிழைக்காத நோயில் துடித்த ஒரு கன்றுக்குட்டிக்குக் காந்தி வைத்தியரை அழைத்து, தான் கூடவே இருந்து, ஊசி போடுவித்தார். நாடு முழுவதிலும் இருந்து கோபக் கடிதங்கள் வந்தன. அந்த நிலையில் அதன் வேதனையை முடித்ததே அகிம்சை என்று அவர் பத்திரிகையில் எழுதினார். அம்மம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஊசி போடும் நேரம் வந்து டைகரின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுத்தான் உள்ளே போனார். உங்கள் வீட்டில் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லையென்றால் அவரை வற்புறுத்தி நிற்க வைக்காதீர்கள். எனக்கு இதில் சந்தேகமில்லை: தண்ணீரைக்கூடக் குடிக்க முடியாமல் நிற்கும் ஒரு சீவனை "தானாகப் போகட்டும்" என்று விடுவதில் எனக்குப் புண்ணியம் தெரியவில்லை.

குழியை முதல் நாளே வெட்டி வையுங்கள். இந்த ஊர் வெயிலில் அன்றே புதைக்க வேண்டும். உவர்மலைப் பக்கம் கல்லு, அலவாங்கு இல்லாமல் இறங்காது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல், மாரியில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும், ஆகவே வளவின் மேட்டுப் பகுதியில், கிணற்றில் இருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி வெட்டுங்கள். நாலடியாவது ஆழம் வேண்டும். அந்த மருந்து உடம்பிலேயே நிற்கும், தோண்டித் தின்னும் காகத்துக்கும் தெருநாய்க்கும் அது நஞ்சு. பொலித்தீனில் சுற்றாமல் பழைய பருத்திச் சேலை போதும். மேலே பாரமான கல்லை அடுக்குங்கள். சொந்த வளவு இல்லாவிட்டால் எங்கே புதைக்கலாம் என்று உங்கள் பகுதிச் சபையில் கேட்டு வையுங்கள். கடற்கரையில் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டாம்.

நாளைக் காலையே அந்தப் போனை எடுங்கள். நாயின் நிறையையும் கடைசி இரத்த ரிப்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வீட்டுக்கு வருவாரா, எந்த நாட்களில் ஊரில் நிற்பார், மயக்க ஊசியோடு மொத்தம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வையுங்கள். நாள் குறிப்பது பிறகு உங்கள் கையில். நாய் அதற்குள் ஒருநாள் நன்றாகச் சாப்பிட்டால் தள்ளிப்போடலாம், வைத்தியர் கோபிக்க மாட்டார்.