போர் சமயத்துல மூழ்காத கப்பல் இருந்தும் ஏன் கப்பல் தட்டுப்பாடு வருது?

நல்ல கேள்வி. மூழ்குற கப்பல விட, மிச்சம் இருக்குறது மெதுவாகிப் போறதுதான் பாதிப் பிரச்சனை. இரண்டாம் உலகப்போர்ல எதிரி தாக்குதலுக்குப் பயந்து சரக்குக் கப்பல்லாம் கான்வாயா, அதாவது போர்க்கப்பல் காவலோட கூட்டமா போகணும், எல்லாரும் வந்து சேர்ற வரைக்கும் துறைமுகத்துலயே காத்துக் கெடக்கணும், அப்புறம் இருக்குறதுலயே மெதுவான கப்பலோட வேகத்துலதான் மொத்தக் கூட்டமும் நகரும். 1940ல இத்தாலி போர்ல இறங்கினதும் மத்தியதரைக்கடல் வழி சரக்குக் கப்பலுக்கு கிட்டத்தட்ட மூடிடுச்சு, பிரிட்டன்ல இருந்து எகிப்துக்கு ஆப்பிரிக்காவையே சுத்திதான் போகணும், சுமார் 3,000 மைல் பயணம் 12,000 மைல் ஆச்சு. ஒரே கப்பல், ஆனா வருஷத்துக்கு எத்தன டிரிப் அடிக்கும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

அதனால தூரத்து நாட்டு சரக்குக்குத்தான் மொதல்ல அடி. முதல் உலகப்போர்லயே ஆஸ்திரேலியா கோதுமைக்கு இதே கதி, பிரிட்டன் கப்பல் எல்லாம் பக்கத்துல இருக்குற வட அமெரிக்காவுக்குப் போயிடுச்சு, ஆஸ்திரேலியாவுல ரயில் நிலையம் பக்கத்துல மூட்டை மூட்டையா அடுக்கி வச்சத 1917ல எலிப்படை வந்து தின்னு தீர்த்துச்சு (போட்டோ இருக்கு, பார்த்தா சாப்பாடு இறங்காது). ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸ் 1916லயே பொறுமை போய் அரசாங்கக் காசுல 15 பழைய சரக்குக் கப்பல வாங்கிப் போட்டாரு, ஆனா அவ்ளோ கோதுமைக்கு அது எந்த மூலைக்கு.