பார்லர் நடத்தியவரை ஏன் வாத்தியாராக்கினார்கள்? (கேள்வி பதில்)

கேள்வி: அமெரிக்கத் தெற்கில் கிராமத்துக் கருப்பின மக்களிடையே தலைவர்கள் எப்படி உருவானார்கள் சார்? எங்கிருந்து தொடங்கிப் படிக்கலாம்?

பதில்: ஜான்ஸ் தீவிலிருந்து தொடங்குங்கள். தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1950களில் அங்கே வாக்காளராகப் பதிய, மாநில அரசியல் சாசனத்தில் ஒரு பகுதியை வாசித்துக் காட்டச் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அதோடு கதவு சாத்தியாயிற்று. ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தீவுக்காரர்களை வேலைக்கு ஏற்றிப்போகும் பஸ் வைத்திருந்தார். போகிற வழியிலேயே சாசனத்தைச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் மனப்பாடம் வேறு, வாசிப்பு வேறு இல்லையா? அதற்காகத்தான் 1957 ஜனவரியில் இரவு வகுப்பு வந்தது. முன்பக்கம் மளிகைக் கடை, பின்னறையில் பாடம். வெள்ளைக்காரர் கண்ணுக்குக் கடை மட்டும்தான் தெரியும். முதலில் வந்தது 14 பேர்.

கேள்வி: பாடம் எடுத்த பெர்னிஸ் ராபின்சன் பார்லர் நடத்தியவராமே. வாத்தியார் யாரும் கிடைக்கவில்லையா?

பதில்: வேண்டுமென்றேதான் அப்படி. இந்தத் திட்டத்துக்குப் பின்னால் இருந்த செப்டிமா கிளார்க் 40 ஆண்டு ஆசிரியை. கருப்பின உரிமைச் சங்கத்தில் உறுப்பினர் என்பதால் 1956இல் அவருக்கு வேலை போயிற்று. பார்லருக்கு வருவதோ கருப்பினப் பெண்கள். ராபின்சனை எந்த முதலாளி தூக்க முடியும்? அதோடு, வாத்தியார் என்றால் மேலே நின்று பேசுவார் என்ற பயமும் இருந்தது.

ராபின்சன் முதலில் குழந்தைகளின் பாடப்புத்தகங்களோடுதான் போனார். சரிப்படாது என்று ஒதுக்கிவிட்டு, ‘உங்களுக்கு என்ன கற்க வேண்டும்?’ என்று கேட்டார். பெயர் எழுத வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அதுவே பாடத்திட்டம் ஆனது. அவரவர் பெயரை அட்டையில் எழுதிக் கொடுத்து, அந்த எழுத்தின் மேலேயே பென்சிலை ஓட்டச் சொல்வார்கள். ஏர் பிடித்துக் காய்த்த கைக்குப் பென்சில் பழகவே சில நாள் ஆகும்.

கேள்வி: இது எழுத்தறிவுதானே? தலைமைப் பயிற்சி எங்கே வந்தது?

பதில்: அடுத்த ஊர் வகுப்பை நடத்த வெளியிலிருந்து ஆள் தேடவில்லை. ஊரில் நாலு பேர் நம்புகிற ஆளைப் பார்த்துப் பிடித்தார்கள். 1961க்குப் பிறகு மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு இதை ஏற்று, ஜார்ஜியாவில் டார்செஸ்டர் என்ற இடத்தில் பயிற்சி கொடுத்தது. வந்தவர்கள் ஊர் திரும்பி வகுப்பு எடுத்தார்கள்.

கேள்வி: ஃபேனி லூ ஹேமரும் இதில் வந்தவரா அண்ணா?

பதில்: ஆமாம். மிசிசிப்பியில் ஒரு வெள்ளைக்காரரின் பருத்திப் பண்ணையில் வேலை செய்தவர். 1962 ஆகஸ்ட்டில் வாக்காளராகப் பதியப் போனார். பண்ணையை விட்டு வெளியேற்றினார்கள். 1963 ஜூனில் இந்தப் பயிற்சி முடித்துத் திரும்பும்போது வினோனாவில் கைது செய்து, சிறையில் வைத்து அடித்தார்கள். அடுத்த ஆண்டே ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டில் தொலைக்காட்சி முன்னால் அதையெல்லாம் சொன்னார்.

கேள்வி: அவர் தொடங்கிய கூட்டுறவுப் பண்ணை ஏன் நிலைக்கவில்லை?

பதில்: 1969இல் தொடங்கினார். பன்றி வங்கிகூட இருந்தது, அருமையான யோசனை: கடனாகப் பன்றி வாங்கி வளர்க்கலாம், குட்டி போட்டதும் அடுத்த வீட்டுக்கும் பங்கு போகும். ஆனால் பணம் திரட்டுவது பெரும்பாலும் ஹேமர் ஒருவர் தலையில் விழுந்தது. ஊர் ஊராய்ப் பேசிக் கொண்டுவந்தார். உடம்பு படுத்ததும் வரவு குறைந்தது. 1970களின் நடுவில் நிலம் கைவிட்டுப் போனது. ஜான்ஸ் தீவில் ராபின்சன் இல்லாத அன்று வேறொருவர் வகுப்பு எடுத்திருப்பார். இங்கே ஹேமருக்கு மாற்று ஆள் இல்லை.