ஸ்பேம் ஃபோல்டர் மூணு நிக்கி, எதத் தொறக்க?

கேள்வி நெறய சேந்து கெடக்கு. பாதிக்கு மேல மெயில்ல வர்ற குப்பையப் பத்திதான், அதனால இந்தத் தடவ அத மட்டும் எடுத்துக்கிட்டேன். பாளையங்கோட்டைல சர்வீஸ் கடை வச்சிருக்கவனுக்கு தெனமும் இதே சோலிதான்.

அண்ணாச்சி, பத்தமடைல பாய் யாவாரம் பாக்கேன். ஜிமெயில் ரெண்டு, யாகூ ஒண்ணு. போன்ல ஸ்பேம்னு ஒண்ணுதான் காட்டுது, லேப்டாப்ல தண்டர்பேர்ட்னு மெயில் பாக்குற சாஃப்ட்வேர தொறந்தா ஸ்பேம், ஜங்க், பல்க்னு வரிசையா நிக்கி. எது அசல்? எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல கொட்டிற முடியுமா?

பேருதான் வேற அண்ணாச்சி, சரக்கு ஒண்ணுதான். ஜிமெயில்காரன் ஸ்பேம்பான், அவுட்லுக்காரன் ஜங்க்பான், யாகூவ ஐமேப் வழியா, அதாவது சர்வர்ல இருக்குற ஃபோல்டர அப்படியே காட்டுற முறையில, இழுத்தா பல்க்னு வரும். ஆனா ஜிமெயில் கணக்குக்குக் கீழயே ஸ்பேமும் ஜங்க்கும் ரெண்டும் இருந்தா அந்த ஜங்க் கூகுள் போட்டது இல்ல, தண்டர்பேர்ட் உண்டாக்குனது. கோளாறே இங்கனதான். நீங்க ஒரு குப்பை மெயில அந்த ஜங்க்ல தள்ளுனா கூகுளுக்கு அது சும்மா ஒரு லேபிள், இவரு என்னமோ தனியா எடுத்து வைக்காருன்னு விட்டுரும், நாளைக்கும் அதே ஆளு மெயிலு இன்பாக்ஸ்ல வந்து உக்காந்துருக்கும், 30 நாள்ல தானா அழியுற வசதியும் அந்த ஃபோல்டருக்குக் கெடையாது. ஸ்பேம் ஃபோல்டர்ல தள்ளுனாதான் ரிப்போர்ட் பண்ண கணக்கு.

அதனால தண்டர்பேர்ட்ல அக்கவுண்ட் செட்டிங்ஸ் போயி, ஒவ்வொரு கணக்குக்கும் கீழ ஜங்க் செட்டிங்ஸ்னு இருக்கும், அதுல புது ஜங்க் எங்க போகணும்னு கேக்குற எடத்துல 'அதர்' கொடுத்து ஜிமெயிலுக்கு ஸ்பேமையும் யாகூவுக்கு பல்க்கையும் கைகாட்டி விடுங்க. பழைய ஜங்க்க ஒரு தடவ பைய மேஞ்சு பாத்துட்டு, ஆர்டர் கீர்டர் மாட்டியிருந்தா எடுத்துட்டு, ஃபோல்டரையே அழிச்சிருங்க. தண்டர்பேர்டோட சொந்த ஃபில்டருக்கு குப்பைய மட்டும் காட்டுனா பத்தாது, நல்ல மெயிலையும் 'நாட் ஜங்க்'னு காட்டணும், ரெண்டையும் பாத்துத்தான் அது படிக்கும். ஒருபக்கமா படிச்சா உங்க கஸ்டமரையும் குப்பைம்பான்.

ஒரே ஃபோல்டர்ல கொட்டுறது? லோக்கல் ஃபோல்டர்னு ஒண்ணு இருக்கு, தண்டர்பேர்ட் பிடிச்ச குப்பைய அதுல சேக்கலாம்தான், ஆனா அது லேப்டாப்புக்குள்ள எறங்குன சரக்கு, அப்புறம் போன்ல தெரியாது. எனக்குப் பிடிக்கல. அந்தந்தக் குப்பை அந்தந்த வீட்டுலயே கெடக்கட்டும், நீங்க வாரத்துக்கு ஒருநா எட்டிப் பாத்தாப் போதும்.

அண்ணே, வள்ளியூர்ல இருந்து எழுதுதேன். இன்டர்வியூ மெயில் அனுப்பிட்டோம்னு கம்பெனில சொல்லுதாங்க. போன்ல ஜிமெயில் ஆப்ல 'ஆல் இன்பாக்சஸ்'லயும் இல்ல, தேடினாலும் வரல.

தங்கச்சி, 'ஆல் இன்பாக்சஸ்'னா பேருக்கேத்த மாதிரி இன்பாக்ஸ் மட்டுந்தான், ஸ்பேம் அதுல சேராது, ஒவ்வொரு கணக்கா மாத்தி மாத்தித்தான் தொறக்கணும். சும்மா தேடுனாலும் ஸ்பேமும் ட்ராஷும் வராது. தேடுற எடத்துல இங்கிலீஷ்ல இன், கோலன், எனிவேர்னு எடம் விடாம அடிச்சு, ஒரு எடம் விட்டு கம்பெனி பேரப் போடு, எல்லா மூலையிலயும் தேடும். கெடச்சா 'நாட் ஸ்பேம்' அமுக்கு. பெறவு ஒரு கம்ப்யூட்டர்ல உக்காந்து அந்த அட்ரஸுக்கு ஃபில்டர் போட்டு 'நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்' டிக் பண்ணிரு, ஜிமெயில் ஆப்ல ஃபில்டர் போட முடியாது. இத வெரசா செய்யி, 30 நாள் தாண்டுனா ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு காலேஜ்ல இருந்து யூபிஎஸ் 12 வேணும், கொட்டேஷன் கொடுங்கன்னு எனக்கு எழுதியிருக்காங்க, அது ஸ்பேம்ல கெடந்து அழிஞ்சே போச்சு, ரெண்டு மாசம் கழிச்சு பஸ் ஸ்டாண்டுல பாத்து "என்ன அண்ணாச்சி, பதிலே போடல"ன்னு கேட்டப்பதான் எனக்கே தெரியும். ஊருக்கெல்லாம் சொல்லுதவன் கத இது.

தம்பி, நான் ரிட்டயர்ட் வாத்தியார், அம்பாசமுத்திரம். கம்ப்யூட்டர்ல பாப் முறையில மெயில் எறக்குதேன், ஸ்பேமே வரல. நிம்மதிதானே?

நிம்மதி இல்ல சார். பாப் பொதுவா ஸ்பேம் ஃபோல்டர எறக்காது, அது அங்கயே சர்வர்ல கெடக்கும், அதுல உங்க பென்ஷன் சங்கத்து மெயிலும் மாட்டியிருக்கலாம். ஐமேப்புக்கு மாறிருங்க, இல்லன்னா வாரம் ஒரு தடவ ப்ரவுசர்ல தொறந்து பாருங்க. ஒரு ஜிமெயில்ல இருந்து இன்னொண்ணுக்கு ஃபார்வர்டு போட்டிருந்தாலும் இதே கததான், ஸ்பேம் ஃபார்வர்டு ஆகாது.

மேலப்பாளையம். ஸ்பேம்ல கெடக்குற மெயில்ல 'அன்சப்ஸ்கிரைப்'ப அமுக்கலாமா பாய்?

நீங்களே பேரு கொடுத்து வாங்குன கடைன்னா அமுக்குங்க. ஒரு நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல ஜிமெயிலுக்கு அனுப்புறவங்க, வெளம்பர மெயிலா இருந்தா, ஒரே அமுக்குல வெலகுற வசதி கொடுத்தாகணும்னு கூகுள் 2024ல கண்டிஷன் போட்டுருக்கு, அதனால ஒழுங்கான ஆளு விட்டுருவான். யாருன்னே தெரியாதவன்னா கை வைக்காதீங்க, அமுக்குனா 'இந்த அட்ரஸ்ல ஆளு இருக்கான்'னு நாமளே சொல்லிக் கொடுத்த மாதிரி. இன்கம்டாக்ஸ் ரீஃபண்டுன்னு வர்றதுல அனுப்புன அட்ரஸோட வாலப் பாருங்க, கவ் டாட் இன்னு முடியலன்னா சவத்தத் தள்ளுங்க. முடிஞ்சாலும் லிங்க்க அமுக்காம நேரா சைட்டுக்குப் போயி லாகின் பண்ணிப் பாக்குறதுதான் நல்லது. ஏமாந்து பணம் போயிட்டுன்னா ஒடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிங்க, யோசிச்சுக்கிட்டு உக்காராதீங்க.

ஜிமெயில்ல 15 ஜிபி எடம் நெறஞ்சிட்டுன்னு சொல்லுது, ஸ்பேம அழிச்சா எடம் கெடைக்குமா?

ஸ்பேமும் கணக்குல சேரும், ஆனா பெரும்பாலும் எழுத்துதான, துளியூண்டுதான் கெடைக்கும். எடத்த அடைக்கிறது போட்டோவும் வாட்ஸாப் பேக்கப்பும், மொதல்ல அதப் பாருங்க. பிடிபடலன்னா சனிக்கிழம கடைக்குக் கொண்டாங்க, வரும்போது சார்ஜரையும் எடுத்துட்டு வாங்க, போன தடவ வந்தவரு வெறும் லேப்டாப்போட வந்துட்டாரு.